‘டிஸ்க் விலகிடுச்சு’ என்றால் உண்மையில் விலகியது என்ன?

“எல்4-எல்5ல டிஸ்க் விலகிடுச்சாம்”... ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பலரும் சொல்வது இதுதான். கேட்டதுமே, அடுக்கிய தட்டுகளில் ஒன்று நழுவி வெளியே வந்துவிட்ட மாதிரி பயம் வரும். ஆனால், டிஸ்க் அப்படி நழுவுவதே இல்லை.

எத்தனை எலும்புகள்?

பிறக்கும்போது முதுகெலும்புத் தொடரில் பொதுவாக 33 எலும்புகள். வளர வளர, கடைசி 9 எலும்புகள் ஒட்டிக்கொண்டு திரிக எலும்பு, வால் எலும்பு என இரண்டாகிவிடும். எனவே பெரியவர்களுக்கு 26. கழுத்தில் 7 (சி), மார்புப் பகுதியில் 12 (டி), கீழ்முதுகில் 5 (எல்). எல்4-எல்5 என்றால், கீழ்முதுகின் 4, 5-வது எலும்புகளுக்கு நடுவே உள்ள இடம்.

ஒவ்வொரு எலும்பின் முன்பக்கமும் உருளை போல இருக்கும். எடையைத் தாங்குவது அதுதான். பின்பக்கம் ஒரு வளையம். இந்த வளையங்கள் வரிசையாக அமைந்து குழாய் போலாகின்றன. அதற்குள் பத்திரமாக இறங்குகிறது தண்டுவடம். முதுகைத் தடவினால் கையில் தட்டுப்படும் முடிச்சுகள், வளையத்தின் பின்முனைகள்.

டிஸ்க் என்பது என்ன?

உருளைகளுக்கு நடுவே இருக்கும் மெத்தைதான் டிஸ்க். வெளியே கெட்டியான நார் வளையம், உள்ளே ஜெல். மேலும் கீழும் எலும்போடு இறுக ஒட்டியிருக்கும். அதனால் நழுவ வழியில்லை. நார் வளையம் தளர்ந்தாலோ, கிழிந்தாலோ ஜெல் பிதுங்கும். அது பக்கத்தில் உள்ள நரம்பை உரசினால், வலி கால் வரை இறங்கும். இதுதான் சயாட்டிகா. அதிக பாரம் தாங்கும் எல்4-எல்5, எல்5-எஸ்1 இடங்களில்தான் இது அதிகம்.

தட்டி உள்ளே தள்ள முடியுமா?

முடியாது. விலகாத ஒன்றை ‘எடுத்து விடுறேன்’ என்று யாராவது முதுகைத் திருகினால், பாதிப்பு கூடலாம். பலருக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே சில வாரங்களில் வலி குறைந்துவிடும். பிதுங்கிய பகுதி தானாகச் சுருங்குவதும் உண்டு. வலியே இல்லாத பலரின் ஸ்கேனிலும் பிதுக்கம் தெரியும். ஆகவே, ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து பயப்பட வேண்டாம்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லை, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போகிறது, கால் பலமிழக்கிறது... இதில் எது வந்தாலும் ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடாமல், உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். தாமதித்தால் நரம்புப் பாதிப்பு நிரந்தரமாகிவிடலாம்.