காபரேற்றரில் கை வைக்குமுன்

துலா மிதித்து நீர் இறைத்த எமது தோட்டங்களுக்கு எண்ணெயில் ஓடும் இயந்திரம் வந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. மின்சார மோட்டர் பரவிய பின்னரும், மின்கம்பி எட்டாத காணிகளில் பழைய மண்ணெண்ணெய் மெசின்கள் இன்றும் உழைக்கின்றன. கோடையில் வெங்காயத்துக்கு மூன்று நான்கு நாட்களுக்கு ஒரு தடவை நீர் பாய்ச்ச வேண்டும். அந்த வேளையில் மெசின் மறுத்துவிட்டால் பயிர் வாடுவது மட்டுமல்ல, விதை வெங்காயத்துக்குப் பட்ட கடனும் தலையில் விழும்.

மெசின் இயங்காதபோது எம்மில் பலர் உடனே திருப்புளியை எடுத்துக் காபரேற்றரின் திருகாணிகளைத் திருகத் தொடங்குகிறோம். ஆனால் பெரும்பாலான வேளைகளில் காபரேற்றர் பழுதாவதில்லை, அழுக்கடைகிறது. அழுக்கை அகற்றினால் போதும். தெரியாமல் திருகுவதால்தான் சிறு கோளாறு பெருஞ் செலவாகிறது.

அது செய்யும் வேலை

எரிபொருள் எரியக் காற்று வேண்டும். ஒரு கிலோ பெற்றோல் முற்றாக எரிய ஏறக்குறைய 15 கிலோ காற்று தேவை. இந்த அளவில் இரண்டையும் கலந்து கொடுப்பதே காபரேற்றரின் வேலை. உள்ளே செல்லும் காற்று ஒடுங்கிய குழாயில் விரைவதால் அங்கே அமுக்கம் குறைகிறது. கீழேயுள்ள சிறு கிண்ணத்திலிருந்து எரிபொருள் ‘ஜெற்’ எனப்படும் நுண்ணிய துளை வழியாக மேலே இழுபடுகிறது. கிண்ணத்திலுள்ள மிதவை உயர்ந்ததும் ஊசி அடைத்துக்கொள்ளும், தாழ்ந்ததும் திறக்கும். இவ்வளவுதான் அதன் இரகசியம்.

ஒழுங்காகப் பார்ப்போம்

முதலாவதாக, தாங்கியின் மூடியைக் கவனியுங்கள். அதில் காற்றுப் புகும் சிறு துளை தூசியால் அடைபட்டிருந்தால், மெசின் சிறிது நேரம் ஓடி நின்றுவிடும். மூடியைத் தளர்த்தியதும் ஓடினால் குற்றம் அங்கேதான்.

இரண்டாவதாக, எரிபொருட் குழாயைக் கழற்றிக் குழாய்த் திறப்பைத் திறவுங்கள். எண்ணெய் தடையின்றி ஓட வேண்டும். சொட்டுச் சொட்டாக விழுந்தால் வடியில் அடைப்பு உண்டு.

மூன்றாவதாக, கயிற்றைச் சில தடவைகள் இழுத்தபின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். உலர்ந்திருந்தால் எரிபொருள் வந்து சேரவில்லை. நனைந்திருந்தால் எரிபொருள் வருகிறது; மின்பொறி இல்லை, அல்லது எண்ணெய் அளவுக்கு மிஞ்சிவிட்டது.

நான்காவதாக, கிண்ணத்திலுள்ளதை ஒரு கண்ணாடிப் போத்தலில் வடியுங்கள். தண்ணீர் கலந்திருந்தால் அது அடியில் தனியாகத் தங்கும். மழைக்கு மூடாமல் வைத்த கானிலிருந்து ஊற்றிய எண்ணெயில் இது சாதாரணம்.

இவ்வளவும் பார்த்த பின்னரே காபரேற்றரைக் கழற்றுங்கள். கலவைத் திருகாணியை அகற்றுமுன், அதை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் முட்டுகிறது என எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். மீண்டும் பூட்டும்போது அதே அளவுக்கு வெளியே திருப்பினால், பழைய நிலைக்கு அது வந்துவிடும். வெள்ளைச் சேலைத் துண்டொன்றை விரித்து, கழற்றிய ஒழுங்கிலேயே உறுப்புகளை அடுக்கினால் ஒரு சிறு வாசர்கூடத் தொலையாது.

கம்பி வேண்டாம்

ஜெற் துளையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். அடைப்பிருந்தால் பெற்றோலில் ஊறவைத்து, காற்றடித்துச் சுத்தமாக்குங்கள். அதற்கும் விலகாவிட்டால் மீன்பிடித் தங்கூசி நூலின் மெல்லிய இழையை நுழையுங்கள். இரும்புக் கம்பியோ ஊசியோ வேண்டாம். ஜெற் பித்தளையாலானது, பித்தளை மென்மையானது. கம்பி துளையைப் பெருப்பித்தால் அன்றிலிருந்து மெசின் கரும்புகை கக்கும். எண்ணெய் கூடுதலாகச் செலவாகும். பின்னர் எந்தத் திருகாணியாலும் அதைச் சீர்செய்ய முடியாது.

மிதவையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே திரவம் அலம்பினால் அது ஓட்டை. சுடுநீரில் அமிழ்த்தினால் குமிழி வரும் இடமே ஓட்டையின் இடம்.

மெசின் ஒரே சீராக ஓடாமல் ஏறியும் இறங்கியும் ஓடுகிறதா? சோக்கைப் பாதி மூடிப் பாருங்கள். சீரானால் எண்ணெய் குறைவாகப் போகிறது என்பது பொருள்: ஜெற் அடைபட்டிருக்கலாம், அல்லது காபரேற்றர் பொருந்துமிடத்திலுள்ள கஸ்கற் கிழிந்து காற்றுப் புகலாம்.

மண்ணெண்ணெயின் குணம்

1990 யூனில் போர் மீண்டும் மூண்ட பின்னர், யாழ் குடாநாட்டுக்குப் பெற்றோல் அரிதாகியது. சில துளி பெற்றோல் விட்டு இயக்கி, மண்ணெண்ணெயில் ஓட்டப் பழகினர் எம் மக்கள். அந்தப் பழக்கத்தின் அடிப்படை சரியானதே. குளிர்ந்த மெசினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே பெற்றோலில் இயக்கி, நன்கு சூடேறிய பின்னரே மாற்ற வேண்டும். நிறுத்துவதற்குச் சில நிமிடங்களுக்கு முன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் கிண்ணத்தில் தங்கும் மண்ணெண்ணெய் மறுநாட் காலையில் உங்கள் தோளைச் சோதிக்கும்.

எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி மசகெண்ணெயில் கலப்பதும் உண்டு. மசகெண்ணெயின் மட்டம் தானாக உயர்ந்து, மண்ணெண்ணெய் மணத்தால் உடனே மாற்றிவிடுங்கள். இல்லையேல் தேய்வது மெசினின் உயிர்நாடி.

2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்தது. கரும்புகையாக வீணே போகும் ஒவ்வொரு துளிக்கும் தோட்டக்காரரே விலை கொடுக்கிறார் என்பதை அந்த நாள் எல்லோருக்கும் உணர்த்தியது.

உயிருக்கு ஒரு வார்த்தை

கரும்புகை விடும் மெசின் காபனோரொட்சைட்டு வாயுவையும் கூடுதலாக விடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. நீர் இறைக்கும் இயந்திரம் நடைமுறையில் ஏழு, எட்டு மீற்றர் ஆழத்திலிருந்தே நீரை உறிஞ்சும். கோடையில் நீர்மட்டம் தாழ்ந்ததும் மெசினையே கிணற்றுக்குள் இறக்கும் எண்ணம் எழும். ஒருபோதும் அவ்வாறு செய்யாதீர்கள். உள்ளே மயங்கியவரைத் தூக்க இறங்குபவரும் மாண்டுபோவார். பெற்றோலில் உறுப்புகளைக் கழுவும்போது அருகில் பீடியும் நெருப்பும் வேண்டாம்.

போகம் முடிந்ததும் குழாயை மூடி, கிண்ணம் வற்றும்வரை மெசினை ஓடவிட்டு வையுங்கள். மாதக்கணக்கில் தேங்கும் பெற்றோல் பிசினாகி ஜெற்றை அடைக்கும்.

இவை யாவும் ஒரு பிற்பகலில் கற்கக்கூடியவை. ஒவ்வோர் ஊரிலும் கைப்பழக்கமுள்ள முதியவர் ஒருவராவது இருப்பார். தோட்டம் செய்யும் பெண்களையும் இளைஞரையும் ஒரு நாள் அவரது முற்றத்தில் கூட்டி, பழைய காபரேற்றர் ஒன்றைக் கழற்றிப் பூட்டிப் பழகச் செய்வோம். அவரோடு அந்த அறிவும் போய்விட விடலாகாது.