சாவி வெளிப்படும் கணம்

சங்கேத சாஸ்திரத்தில் இன்றளவும் பிரமாணமாகக் கொள்ளப்படும் ஒரு விதியை, 1883ஆம் ஆண்டிலேயே ஓகுஸ்த் கெர்க்கோஃப்ஸ் என்னும் நெதர்லாந்து நாட்டவரான மொழிப் பேராசிரியர் பிரெஞ்சு ராணுவ சஞ்சிகை ஒன்றில் எழுதிவைத்தார். செய்தியை மறைக்கும் முறை முழுவதும் பகைவன் கையில் சிக்கினாலும் பாதகம் நேரக் கூடாது, சாவி ஒன்று ரகசியமாயிருந்தால் போதும் என்பது அதன் சாரம். இந்த உபதேசத்தை விஞ்ஞானிகள் சிரமேற்கொண்டதன் பயனாக, இன்று அந்தரங்கக் கடிதம் முதல் வங்கிக் கணக்கு வரை காத்துநிற்கும் ஏஇஎஸ் என்ற குறியாக்க முறையை அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனம் 2001ஆம் ஆண்டில் ஒளிவுமறைவின்றிப் பிரசுரித்துவிட்டது. ஆகவே பாதுகாப்பு அனைத்தும் 16 முதல் 32 பைட் வரையுள்ள ஓர் எண்ணில் வந்து நிற்கிறது.

அந்த எண்ணை எங்கே வைப்பது என்பதுதான் சங்கடம். வட்டில் சும்மா கிடக்கும் வரையில் அதை வேறொரு சாவியால் பூட்டிவைக்கலாம். ஆனால் ஒரு கோப்பைத் திறக்க வேண்டிய கணத்தில் சாவி தன் மறைப்பையெல்லாம் களைந்துவிட்டு நினைவகத்துக்கு வந்தே தீர வேண்டும். கோடிக்கணக்கான பைட்டுகளின் நடுவே அதை யார் தேடிப் பிடிக்கப் போகிறார்கள் என்று அலட்சியமாயிருந்தவர்களுக்கு, ஆர்எஸ்ஏ என்னும் பொதுச் சாவிக் குறியாக்க முறையை இயற்றிய மூவருள் ஒருவரான அடி ஷமீரும் நிக்கோ வான் சோமரனும் 1990களின் இறுதியிலேயே பதில் கூறிவிட்டார்கள். நிரல்களும் எழுத்துகளும் ஏதேனும் ஓர் ஒழுங்கில் அமைந்திருக்க, சாவி மட்டும் ஒழுங்கே இல்லாத எண்களாயிருப்பதால், அந்த ஒழுங்கின்மையே அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

மின்சாரத்தை நிறுத்தினால் நினைவகம் அக்கணமே வெறுமையாகிவிடும் என்ற நம்பிக்கையாவது எஞ்சியிருந்தது. 2008ஆம் ஆண்டில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் ஹால்டர்மன், எட்வர்ட் ஃபெல்டன் முதலியோர் அதையும் தகர்த்தார்கள். மோனா லிசா ஓவியத்தை நினைவகத்தில் ஏற்றி, மின்சாரத்தைத் துண்டித்து, பிறகு படித்துப் பார்த்தபோது, ஐந்து விநாடி கழித்தும் அம்மாதின் முகம் அப்படியே இருந்தது. நேரம் ஏற ஏறத்தான் பட்டை பட்டையாகக் கோடுகள் படர்ந்து அவளை விழுங்கின. தூசி ஊதும் காற்றுக் குப்பியைத் தலைகீழாகப் பிடித்துப் பீய்ச்சி நினைவகச் சில்லுகளைச் சுமார் மைனஸ் 50 டிகிரிக்குக் குளிர்வித்தபோது, பத்து நிமிஷம் மின்சாரமின்றிக் கிடந்த பின்னும் அழிந்த பிட்டுகள் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாகவே இருந்தன. நினைவகப் பட்டையைப் பிடுங்கி வேறொரு கணிப்பொறியில் செருகிச் சாவகாசமாகப் படிக்க அந்த அவகாசம் தாராளம். அழிந்த சில பிட்டுகளைப் பற்றியும் கவலையில்லை. ஏஇஎஸ் முறை வேகத்தை முன்னிட்டுத் தன் சாவியைப் பல சுற்றுச் சாவிகளாக விரித்து அருகிலேயே வைத்துக்கொள்வதால், ஒன்றின் பழுதை மற்றொன்றைக் கொண்டு சரிசெய்துகொள்ளலாம். வேகத்துக்காகச் செய்த உபாயம் திருடனுக்கு உபகாரமாக முடிந்தது!

இத்தகைய அபாயங்களுக்குப் பரிகாரமாகப் பேசப்படுவதே நம்பகக் கணிமை. 2003ஆம் ஆண்டில் கணிப்பொறி நிறுவனங்கள் கூடி அமைத்த ஒரு கூட்டமைப்பின் தரத்தின்படி அமைந்த டிபிஎம் என்ற சிறு சில்லு, சாவியைத் தன்னுள்ளே பூட்டிவைப்பதோடு, இயந்திரம் விழித்தெழும்போது ஒன்றன்பின் ஒன்றாக இயங்கும் நிரல்களின் சுருக்க எண்களை முந்தைய மதிப்போடு சேர்த்துச் சேர்த்துக் கணக்கிட்டு, இறுதி மதிப்பு முன்பு குறித்துவைத்ததற்கு ஒத்திருந்தாலொழியச் சாவியை விடுவிப்பதில்லை. நடுவே யாரேனும் ஒரு நிரலை மாற்றிவைத்திருந்தால் கணக்கு பிசகிவிடும்.

ஆயினும், விடுவித்த பிறகு சாவி செல்லுமிடம் அதே பழைய நினைவகம்தான். கடவு எண் ஏதும் கேளாமல் டிபிஎம்மை மட்டும் நம்பி, விண்டோஸின் வட்டுக் குறியாக்க நிரலான பிட்லாக்கரைப் பயன்படுத்துகிறவருடைய கணிப்பொறி, முழுதும் அணைத்துவைக்கப்பட்டிருந்தாலும், திருடியவன் அதை முடுக்கிவிட்டதும் சாவியைத் தானாகவே நினைவகத்துக்கு வருவித்துவிடும் என்பதைப் பிரின்ஸ்டன் குழுவினரே எடுத்துக்காட்டினார்கள். ஆதலால் சாவி வெளியே வராமல், வேலையே உள்ளே நடக்கட்டும் என்ற யோசனை பிறந்தது. 2013ஆம் ஆண்டின் ஐபோன் 5எஸ்ஸில் வந்த தனிக் காப்பறையும், 2015ஆம் ஆண்டு முதல் இன்டெல் தன் செயலிகளில் வைத்த எஸ்ஜிஎக்ஸும் அந்த வழியைச் சேர்ந்தவை. எஸ்ஜிஎக்ஸின் காப்பறைக்குள் இயங்குதளமே எட்டிப் பார்க்க முடியாது என்றார்கள். 2018இல் ஃபோர்ஷேடோ என்ற தாக்குதல், செயலியின் அவசர ஊகக் கணக்கின் வழியாக அங்கிருந்த சாவிகளையும் கவர்ந்துவிட்டது. என் அபிப்பிராயத்தில், இந்த ஏற்பாடுகள் நம்பிக்கையின் தேவையை ஒழிப்பதில்லை. நிரல் எழுதியவன் மேலிருந்த நம்பிக்கையைச் சில்லு வார்த்தவன் மேல் மாற்றிவைக்கின்றன, அவ்வளவே. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் நம்பகக் கணிமையைத் துரோகக் கணிமை என்றே ஏசினார்; அவர் கோபம் உரிமையாளரையே தன் இயந்திரத்துக்கு வெளியே நிறுத்திவிடக்கூடும் என்பதைப் பற்றியது, அது அநியாயக் கோபமன்று.

எஸ்டோனியா தேசத்தில் நேர்ந்தது இவை எல்லாவற்றையும்விட விசித்திரமானது. அங்கே குடிமக்களின் அடையாள அட்டையிலுள்ள சில்லே சாவியைப் பிறப்பிக்க வேண்டும், சாவி ஒருநாளும் வெளியே வரக் கூடாது என்பது ஏற்பாடு. 2017இல் செக் நாட்டு மசாரிக் பல்கலைக்கழகத்தாரும் அவர்களது சகாக்களும், இன்ஃபினியான் நிறுவனத்தின் நிரல் தொகுப்பு ஆர்எஸ்ஏ சாவிக்கான பகா எண்களை ஒரு குறிப்பிட்ட வடிவத்திலேயே பொறுக்குவதைக் கண்டுபிடித்தார்கள். சில்லை உடைக்க வேண்டியதில்லை. யாவருக்கும் அறிவிக்கப்படும் பொதுச் சாவியைக் கொண்டே, போதிய கணக்கிடும் வலிமையுள்ளவன் அந்தரங்கச் சாவியை வருவித்துவிடலாம். பல கணிப்பொறிகளின் டிபிஎம் சில்லுகளிலும் அதே தொகுப்பு குடியிருந்தது. எஸ்டோனிய அரசு ஏறக்குறைய 7.5 லட்சம் அட்டைகளின் சான்றிதழ்களை அந்த நவம்பரில் நிறுத்திவைத்து, ஆர்எஸ்ஏயைக் கைவிட்டு, நீள்வட்ட வளைவு முறையில் புதிய சாவிகளைப் பிறப்பிக்குமாறு அதே சில்லுகளுக்கு இணையத்தின் வழியே கட்டளை அனுப்பியது.