மழை இல்லாமலே வரும் வெள்ளம்: கொள்ளிடப் படுகை ஊர்கள் மே மாதத்திலேயே செய்ய வேண்டியவை

கொள்ளிடக் கரையோர விவசாயிகள் இருவகை வெள்ளத்தை அறிவார்கள். ஒன்று ஐப்பசி, கார்த்திகையில் உள்ளூரில் கொட்டும் மழையால் வருவது. மற்றொன்று ஆடி, ஆவணியில் வருவது. அப்போது இங்கே வெயில் காயும். குடகில் பெய்த மழையால் கர்நாடக அணைகள் நிரம்பி, மேட்டூரும் 120 அடியை எட்டிவிட்டால், உபரி நீரின் பெரும்பகுதி முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திருப்பப்படும்.

2018, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் இப்படித்தான் வெள்ளம் வந்தது. மயிலாடுதுறை மாவட்டத்தில் கரைக்கு உட்புறம் உள்ள நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளைமணல் போன்ற ஊர்களைத் தண்ணீர் சூழ்ந்தது. தோட்டப் பயிர்கள் அழுகின.

இந்த வெள்ளத்தில் ஒரு வசதி உண்டு. மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரச் சில நாட்கள் பிடிக்கும். அந்த நாட்களை ஊர் எப்படிப் பயன்படுத்துகிறது என்பதில்தான் லாபமும் நஷ்டமும் இருக்கிறது.

வெள்ளக் கணக்கு நோட்டு

‘ஒன்றரை லட்சம் கன அடி திறப்பு’ என்று வானொலியில் கேட்டால் நம் தெருவுக்கு வருமா, வராதா என்று தெரிவதில்லை. எத்தனை கன அடி திறந்தபோது எந்த வயல் மூழ்கியது, எந்தத் தெருவில் தண்ணீர் ஏறியது என்று ஊராட்சியில் ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். பெரியவர்களைக் கேட்டால் பழைய கணக்கும் கிடைக்கும். வெள்ளம் ஏறிய மட்டத்தைப் பள்ளிச் சுவரிலும் குடிநீர்த் தொட்டித் தூணிலும் ஆண்டோடு வர்ணத்தால் குறித்து வைத்தால் கைப்பிள்ளைக்கும் புரியும்.

மாடுகளுக்கு மேட்டு நிலம்

மாட்டை விட்டுவிட்டு வர மனமில்லாமலே பலர் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. ஆகவே மனிதர்களுக்கு முகாம் குறிப்பது போல், கால்நடைகளுக்கும் கரைக்கு வெளியே மேடான இடம் முன்கூட்டியே குறிக்கப்பட வேண்டும். வைக்கோல் போர் ஆடிக்கு முன்பே அங்கே போய்விடுவது நலம். ஆயில் என்ஜின், மோட்டார்களையும் அறிவிப்பு வந்த அன்றே மேடேற்றிவிட வேண்டும்.

ஆற்றை மறிக்காதீர்

படுகையில் மண்டும் வேலிக்கருவையும், தன் நிலத்தைக் காக்க ஒருவர் தனியாக உயர்த்தும் வரப்பும் வெள்ளத்தை அடுத்தவர் நிலத்தில் தள்ளும். கருவையை வேரோடு எடுக்கவும், கரை பலவீனமான இடங்களைச் சீர்செய்யவும் நீர்வளத் துறையைக் கேட்டு ஊராட்சி தீர்மானம் போடலாம்.

பயிரும் பதிவும்

படுகையில் கத்திரியைத் தையிலேயே நட்டால், ஆனிக்குள் பெரும் பலனை எடுத்துவிடலாம். கரைக்கு வெளியே, மழை வெள்ளம் தேங்கும் சம்பா வயல்களுக்கு சி.ஆர். 1009 சப் 1 நெல் ஏற்றது. இளம் பயிர் இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் தாங்கும். எந்தப் பயிரானாலும் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலில் பதிவு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பதிவு இல்லாதவர், அதிலும் குத்தகைக்காரர், நிவாரணத்துக்கு அலைய நேரிடும்.

கிராம சபையில் கேளுங்கள்

கிராம சபை ஆண்டில் ஆறு நாட்கள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. படுகை ஊர்களுக்கு இவற்றில் முக்கியமானது மே 1. அன்று வெள்ளக் கணக்கு நோட்டை வாசித்து, மாட்டுக்கு இடம் குறித்து, யார் யார் வீட்டுக்கு யார் செய்தி சொல்வது என்று பெயரோடு முடிவு செய்துவிடலாம். அதைத் தவறவிட்டால் அடுத்த சபை ஆகஸ்ட் 15. அதற்குள் வெள்ளமே வந்து போயிருக்கக் கூடும்.