பெருநகரத்துக்குள் வாடகைக் கார் வேண்டுமா?



கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வாழும் நமக்குப் பெங்களூர் அயலூர் அன்று. மாநிலம் வேறாயினும் வாழ்க்கை அதனோடு பிணைந்திருக்கிறது. மருத்துவத்துக்கும், பிள்ளைகளின் படிப்புக்கும், பிழைப்புக்கும், திருமணத்துக்குத் துணிமணி எடுப்பதற்கும் அந்நகரத்தையே நாடுகிறோம். ஓசூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். கிருஷ்ணகிரியிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர். பயணம் உறுதியானவுடன் வீட்டில் எழும் முதற்கேள்வி, "வாடகைக்குக் கார் பேசிவிடலாமா, பேருந்திலே போய்வரலாமா?" என்பதுதான்.

இக்கேள்விக்குச் சிலர் கௌரவத்தைக் கொண்டு விடை காண்கின்றனர். சிலர் சிக்கனத்தைக் கொண்டு காண்கின்றனர். இரண்டும் சரியான அளவுகோல்கள் அல்ல என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

2024ஆம் ஆண்டில் என் மனைவிக்கு இதயத்தில் குறை இருப்பதாக ஐயம் தோன்றியது. பெங்களூரின் தென்பகுதியிலுள்ள ஒரு மருத்துவமனையில் காலை 10 மணிக்கு வரும்படி நேரம் குறித்திருந்தார்கள். நோயாளியைப் பேருந்தில் ஏற்றி அலைக்கழிக்கலாமா என்று கருதி, என் பழைய மாணவர் ஒருவரின் வாடகைக் காரை அமர்த்தினேன். காலை 6.30 மணிக்குப் புறப்பட்டோம். சூளகிரியும் ஓசூரும் விரைவில் கடந்தன. அத்திப்பள்ளியைத் தாண்டியபோது கடிகாரத்தைப் பார்த்து, "ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடுவோம்" என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அந்தப் பெருமை சில்க் போர்டு சந்திப்பு வரைதான் நிலைத்தது. அங்கே வண்டிகள் எறும்பு வரிசைபோல் நின்றன. எறும்பாவது நகரும், நாங்கள் நகரவில்லை. மருத்துவமனையை அடைந்தபோது மணி 10.50. எங்கள் முறை கடந்துவிட்டது. அன்று பார்க்க வேண்டிய மற்றவர்களும் பலர் இருந்தனர். வேறொரு நாள் வரும்படி கூறினார்கள். அவர்களைக் குறைகூற எனக்கு வாயில்லை. கணக்குத் தவறியவன் நானே.

திரும்பும் வழியில் காரோட்டிய மாணவர் ஒன்று சொன்னார்: "ஐயா, வண்டி ஓடினால் உங்களுக்கும் நன்மை, எனக்கும் நன்மை. நின்றால் இருவருக்கும் நட்டம்." நாற்பது ஆண்டு கணக்குப் பாடம் நடத்திய எனக்கு அன்று அவர் ஆசிரியரானார். அவர் சொன்ன உண்மையைச் சற்று விரித்துக் காண்போம்.

வெளியூர்ப் பயணத்துக்கு அமர்த்தும் காருக்குப் பெரும்பாலும் கிலோமீட்டர்க் கணக்கில் வாடகை கேட்பார்கள். ஆனால் நாளொன்றுக்குக் குறைந்தபட்சம் இத்தனை கிலோமீட்டர் என்று ஒரு வரம்பும் வைத்திருப்பார்கள். எடுத்துக்காட்டாக, அவ்வரம்பு 250 கிலோமீட்டர் என்று கொள்வோம். கிருஷ்ணகிரியிலிருந்து போய்வர 180 கிலோமீட்டர்; நகரத்துக்குள் 30 கிலோமீட்டர் சுற்றினாலும் மொத்தம் 210 தான். ஓடாத 40 கிலோமீட்டருக்கும் சேர்த்தே பணம் கொடுக்கிறோம். அதன்மேல் ஓட்டுநர் பேட்டா, சுங்கச்சாவடிக் கட்டணம், வண்டி நிறுத்தும் கட்டணம் ஆகியவை உண்டு. தமிழ்நாட்டு வாடகை வண்டிக்கு அகில இந்தியச் சுற்றுலா அனுமதி இல்லையாயின், எல்லையைக் கடக்கக் கர்நாடக அரசுக்குத் தற்காலிக அனுமதியும் வரியும் கட்ட வேண்டும். நாம் மருத்துவமனையிலோ துணிக்கடையிலோ இருக்கும் நேரமெல்லாம் கார் ஓரிடத்தில் சும்மா நிற்கிறது. ஆகவே நகரத்துக்குள் நாம் விலைகொடுத்து வாங்குவது பெரும்பாலும் ஓட்டத்தை அன்று, நிற்பதையே.

இனி நேரக் கணக்கு. நகரங்களின் போக்குவரத்தை அளந்து ஆண்டுதோறும் வெளியிடும் டாம்டாம் என்னும் நிறுவனம், 2023ஆம் ஆண்டில் பெங்களூரின் நடுப்பகுதியில் 10 கிலோமீட்டர் செல்லச் சராசரியாக 28 நிமிடத்துக்குச் சற்று மேலாயிற்று என்று கணக்கிட்டது. அதாவது மணிக்கு 21 கிலோமீட்டர். இது சராசரி, அலுவலகம் செல்லும் வேளையிலும் திரும்பும் வேளையிலும் வேகம் இன்னும் குறையும். நெடுஞ்சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் சென்ற அதே கார், அதே ஓட்டுநர், அதே எரிபொருள். ஆயினும் நகர எல்லைக்குள் நுழைந்தவுடன் அதன் பயன் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது.

இதற்குக் காரணம் என்ன? மின்னணு நகரத்திலிருந்து வரும் ஓசூர்ச் சாலையும், நகரைச் சுற்றிவரும் வெளிவட்டச் சாலையும் சில்க் போர்டில் சந்திக்கின்றன. 2010ஆம் ஆண்டு சனவரியில் மின்னணு நகரத்தை நோக்கி 10 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளமுள்ள மேம்பாலச் சாலை திறக்கப்பட்டது. அதனால் பாலத்தின்மேல் பயணம் விரைவாயிற்று. ஆனால் பாலம் முடியுமிடத்தில் எல்லா வண்டிகளும் மீண்டும் ஒன்றுகூட வேண்டியதாயிற்று. குடத்தின் வயிற்றைப் பெரிதாக்கி என்ன பயன்? கழுத்து குறுகலாயிருந்தால் நீர் மெல்லத்தானே வெளியேறும்! இருவர் செல்லும் இரண்டு மூன்று கார்கள் அடைக்கும் இடத்தில் ஐம்பது பேர் செல்லும் ஒரு பேருந்து அடங்கிவிடும். ஆறு பெட்டிகள் கொண்ட ஒரு மெட்ரோ இரயிலில் ஆயிரம் பேருக்கு மேல் செல்லலாம்.

இதை உணர்ந்த நகரங்கள் உலகில் உண்டு. சிங்கப்பூர் 1975ஆம் ஆண்டிலேயே, நெரிசல் வேளையில் நகர நடுப்பகுதிக்குள் நுழையும் கார்களுக்குக் கட்டணம் விதித்தது. இலண்டன் மாநகரம் 2003ஆம் ஆண்டில் அவ்வழியைப் பின்பற்றியது. பெங்களூரில் நெரிசலுக்கெனத் தனிக் கட்டணம் இல்லாவிடினும், அதை நாம் நேரமாகச் செலுத்திக்கொண்டுதான் இருக்கிறோம்.

நம் எல்லைப்புறத்து மக்களுக்கு 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஒரு நல்ல வாய்ப்புக் கிட்டியது. பெங்களூர் மெட்ரோவின் மஞ்சள் தடம் இராஷ்ட்ரீய வித்யாலயா சாலையிலிருந்து பொம்மசந்திரா வரை திறக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 19 கிலோமீட்டர், நிலையங்கள் 16. பொம்மசந்திரா, அத்திப்பள்ளியைக் கடந்து நகரம் நோக்கிச் செல்லும் நம் வழியிலேயே இருக்கிறது. அங்கே ஏறினால் மின்னணு நகரமும் சில்க் போர்டும் கீழே கிடக்க, நாம் மேலே சென்றுவிடலாம். கடைசி நிலையத்தில் பச்சைத் தடத்துக்கு மாறினால் மெஜஸ்டிக் வரை செல்லலாம். தொடக்கத்தில் 25 நிமிடத்துக்கு ஒரு வண்டிதான் ஓடியது. ஆயினும் முதல் நிலையத்திலிருந்து கடைசி நிலையத்துக்கு முக்கால் மணிக்குள் போய்ச் சேர்ந்தது.

என் மனைவிக்குச் சிகிச்சை செய்ய நாள் குறித்தபோது, அதே மாணவரின் காரில் பொம்மசந்திரா வரை சென்றோம். அங்கே அவரை ஊருக்கு அனுப்பிவிட்டு, மின்தூக்கியில் மேலே சென்று இரயில் ஏறினோம். இறங்கிய நிலையத்திலிருந்து மருத்துவமனைக்கு ஓர் ஆட்டோ. குறித்த நேரத்துக்கு 40 நிமிடம் முன்னதாகவே அங்கே அமர்ந்திருந்தோம்.

அப்படியானால் நகரத்துக்குள் கார் வேண்டவே வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். மூன்றாம் நாள் மனைவியை வீட்டுக்கு அழைத்துவரும்போது, மருத்துவமனை வாயிலுக்கே அக்காரை வரவழைத்தேன். சிகிச்சை பெற்ற உடலைப் படியேற்றி இறக்குவதும் கூட்டத்தில் நிறுத்துவதும் தகா. மாணவர் என்னிடம், "காலையில் வேண்டாம் ஐயா, பகல் ஒன்றரை மணிக்குக் கிளம்புவோம்" என்றார். காலை நெரிசல் அடங்கி, மாலை நெரிசல் தொடங்குமுன் நகரத்தைக் கடந்து, மாலைத் தேநீருக்கு வீட்டிலிருந்தோம். கார் பயன்படும் இடமும் வேளையும் அவையே. நோயாளி, கைக்குழந்தை, நடக்க இயலாத முதியோர், பெருஞ்சுமை, இரவு நேரம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் காரை அமர்த்தத் தயங்க வேண்டாம். நான்கைந்து பேர் சேர்ந்து போவதாயின் செலவும் பகிர்ந்துவிடும்.

காரை அமர்த்துவோர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. குறைந்தபட்சக் கிலோமீட்டர் எவ்வளவு, எங்கிருந்து எங்கு வரை கணக்கிடுவார்கள், பேட்டாவும் சுங்கமும் வாடகையில் அடங்குமா, எல்லை அனுமதி யார் பொறுப்பு என்பவற்றைப் புறப்படுமுன் கேட்டு, ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டுநரோடு வரும் வாடகைக் காரின் எண்பலகை மஞ்சள் நிறத்தில் கறுப்பு எழுத்துக் கொண்டது. நாமே ஓட்டுவதற்கு வாடகைக்கு விடும் காரின் பலகை கறுப்பு நிறத்தில் மஞ்சள் எழுத்துக் கொண்டது. வெள்ளைப் பலகை சொந்த உபயோகத்துக்கு உரியது. அதை வாடகைக்கு விடுவது சட்டப்படி குற்றம். வாடகை சற்றுக் குறைவென்று அதில் ஏறினால், விபத்து நேரும்போது காப்பீட்டு இழப்பீடு பெறுவதில் சிக்கல் ஏற்படலாம். தாமே ஓட்ட விரும்புவோர், ஒருவழிப் பாதைகளும் வண்டி நிறுத்த இடமில்லாத தெருக்களும் நிறைந்த நகரம் அது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நேயர்களே, நான் கற்ற பாடம் சுருக்கமானது. ஊருக்கும் நகரத்துக்கும் இடைப்பட்ட சாலைக்குக் காரை அமர்த்துங்கள்; நகரத்தின் வாயிலில் அதை விடுத்து இரயிலிலும் பேருந்திலும் செல்லுங்கள்; உடல் தளர்ந்தவர் உடன் இருக்கும்போது மட்டும் அதை நகரத்துக்குள்ளும் அழையுங்கள். வழி கேட்க அஞ்ச வேண்டுவதில்லை. எல்லைப்புறத்து மக்களாகிய நமக்கு இரண்டு சொல் கன்னடம் எப்போதும் கைகொடுக்கும். கையிலுள்ள பணம் செலவானால் மீண்டும் ஈட்டலாம். மருத்துவர் குறித்த நேரம் தவறினால், அன்று நான் என் மனைவியின் முகத்தைப் பார்க்க இயலாமல் காரில் திரும்பியதுபோல் நீங்களும் திரும்ப நேரிடும். அந்நிலை உங்களில் எவருக்கும் வேண்டாம்.