தோளுக்குப் பின்னால் ஒரு வால்வு

பழைய பைக் ஓட்டியவர்களுக்கு ரிசர்வ் தெரியும். ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டி திக்கும். சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் இடது கையைத் தொடைப்பக்கம் இறக்கி, பெட்ரோல் குழாயின் திருகை அப்படியே திருப்பிவிடுவோம். அந்தத் திருகு பின் சீட்டுக்கும் பின்னால் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம்?

1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவின் மாண்டரே வளைகுடாவில் ஒரு சிறு விமானம் விழுந்தது. ஓட்டியவர் பாடகர் ஜான் டென்வர். வயது 53, நல்ல பறப்பு அனுபவம் உள்ளவர். விமானம் 'லாங்-ஈஸி', பர்ட் ருட்டான் வரைந்த வரைபடத்தை வைத்து யாரோ ஒருவர் தம் கையால் கட்டியது. டென்வர் அதை வாங்கியவர் மட்டுமே. வரைபடப்படி எந்தத் தொட்டியிலிருந்து பெட்ரோல் வர வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வால்வு விமானியின் கால்களுக்கு நடுவே இருக்க வேண்டும். கட்டியவர் அதை இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். பெட்ரோல் குழாய் ஆள் உட்காரும் இடத்துக்குள் வரக்கூடாது என்பது அவர் எண்ணம். தனியாகப் பார்த்தால் தப்பான எண்ணம் இல்லை.

ஆனால் அந்தப் பிடியில் எந்தக் குறியீடும் இல்லை. கை எட்டவில்லை என்பதால் பறப்பதற்கு முன் ஒரு டெக்னீஷியனும் டென்வருமாக ஒரு பூட்டுக் குறட்டை மாட்டிப் பிடியை நீட்டப் பார்த்தார்கள், சரிவரவில்லை. பின்னால் இருந்த பெட்ரோல் அளவைப் பார்க்க டெக்னீஷியன் ஒரு கண்ணாடியைக் கொடுத்தார். பெட்ரோல் போடவா என்று கேட்டதற்கு, ஒரு மணி நேரம்தான் பறக்கப் போகிறேன், வேண்டாம் என்றார் டென்வர். விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அதே போன்ற இருக்கையில் ஆளை உட்காரவைத்துப் பார்த்தது. பின்னால் திரும்பிக் கையை நீட்டியபோது, உடம்பைத் தாங்க வலது கால் தானாகவே பெடலை மிதித்தது. திசைத் திருப்பி ஒரு பக்கம் சாய, விமானம் கட்டுப்பாட்டை இழந்தது என்பதே வாரியத்தின் முடிவு. வால்வை அங்கே வைத்த கட்டுநரின் முடிவையும், போதிய பழக்கப் பயிற்சி இல்லாததையும் அது காரணங்களில் சேர்த்தது.

வால்வை இடம் மாற்றியது சட்டமீறலா? இல்லை. இந்தக் கட்டுரையின் பேச்சே இந்த 'இல்லை'யைப் பற்றித்தான்.

செஸ்னா போன்ற தொழிற்சாலை விமானத்தில் அந்த வால்வை ஓர் அங்குலம் நகர்த்தவும் ஒப்புதல் வேண்டும். வீட்டில் கட்டும் விமானம் அமெரிக்காவில் 'பரிசோதனை' வகையைச் சேர்ந்தது. கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டுபவர்கள் வேலையின் பெரும்பங்கைத் தாங்களே செய்திருக்க வேண்டும் என்பதே அடிப்படை நிபந்தனை. '51 சதவீத விதி' என்று ஹேங்கர்களில் சொல்வது இதைத்தான். இன்ஜின், புரொப்பல்லர், கருவிகள் எல்லாம் கடையில் வாங்கலாம். அவை இந்தக் கணக்கில் வராது. பணம் கொடுத்து ஆள் வைத்துக் கட்டிவிட்டு நானே கட்டினேன் என்று உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட்டால் அது பொய் வாக்குமூலம், கூட்டாட்சிக் குற்றம்.

முடித்த பிறகு அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏவின் ஆய்வாளரோ அதன் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதியோ வந்து பார்த்துச் சான்றிதழ் தருவார். நம்மூரில் லாரிக்கு எஃப்சி வாங்குவது போல என்று இதை நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. எஃப்சி பார்ப்பவருக்கு பிரேக் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று ஓர் அளவு இருக்கிறது. இங்கே வடிவமைப்புக்கு அப்படி எந்த அளவுகோலும் கிடையாது. ஆவணம் சரியா, கண்ணுக்குத் தெரியும் வேலை ஒழுங்கா என்று பார்ப்பார். இந்த வடிவமைப்பு பத்திரமானது என்று அவர் சொல்வதில்லை. அதனால்தான் உள்ளே ஏறும் வாசலருகே 'எக்ஸ்பெரிமென்டல்' என்று எழுதியிருக்க வேண்டும். வழக்கமான விமானங்களுக்கான மத்திய பாதுகாப்பு விதிகளுக்கு இது உட்பட்டதல்ல என்ற எச்சரிக்கைப் பலகை பயணியின் கண்ணில் படும்படி இருக்க வேண்டும்.

அந்தப் பலகை பயணியின் உரிமை. பரிசோதனை வகை விமானம் என்பதை ஏற்றும் விமானி வாய்விட்டும் சொல்லியாக வேண்டும். கூலிக்கு ஆள் ஏற்றவோ சரக்கு ஏற்றவோ கூடாது. புதிதாகக் கட்டிய விமானத்துக்குச் சோதனைக் காலம் உண்டு: சான்று பெற்ற இன்ஜினும் புரொப்பல்லரும் சேர்ந்த ஜோடி என்றால் வழக்கமாக 25 மணி நேரம், இல்லையென்றால் 40, அல்லது வகுத்துக் கொடுத்த சோதனைப் பணிகள் முடியும் வரை. அதுவரை குறிப்பிட்ட எல்லைக்குள்தான் பறக்கலாம், வேடிக்கை பார்க்க யாரையும் ஏற்றக்கூடாது. டல்லாஸிலோ சான் ஹோசேயிலோ மகள் வீட்டுக்குப் போயிருக்கும்போது, பக்கத்து வீட்டுத் தம்பி "வாங்க அங்கிள், ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்" என்று கூப்பிட்டால், சோதனைக் காலம் முடிந்ததற்கான பதிவு லாக் புத்தகத்தில் இருக்கிறதா என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நல்ல விமானி கேட்காமலே காட்டுவார். இன்னொன்றையும் பாருங்கள். இங்கிருந்து எடுத்துப்போகும் பயணக் காப்பீட்டிலும் விபத்துக் காப்பீட்டிலும் பல, டிக்கெட் வாங்கிய விமான நிறுவனப் பயணத்துக்கு மட்டுமே பொருந்தும் என்று சின்ன எழுத்தில் சொல்லியிருக்கும்.

2012-ல் பாதுகாப்பு வாரியம் இந்த விமானங்களைப் பற்றித் தனி ஆய்வே வெளியிட்டது. எண்ணிக்கையில் இவை அப்போது அமெரிக்காவின் பொது விமானங்களில் (விமான நிறுவனங்களுடையதோ ராணுவத்துடையதோ அல்லாதவற்றில்) ஏறக்குறைய 10 சதவீதம். 2011-ன் விபத்துகளில் சுமார் 15 சதவீதம். உயிர்ப்பலி விபத்துகளில் 21 சதவீதம். இன்ஜின் கோளாறும் காற்றில் கட்டுப்பாட்டை இழப்பதும் முதல் இரு காரணங்கள். என்னை நிறுத்தியது இன்னொரு கண்டுபிடிப்பு: அந்த ஆண்டு விபத்துக்குள்ளானவற்றில் பாதிக்கு மேல், ஓட்டியவர் கட்டியவை அல்ல; பழையதாக வாங்கியவை. முதல் சில பறப்புகளில்தான் ஆபத்து குவிந்திருந்தது. புது விமானத்துக்கு மட்டுமல்ல, கைமாறிய விமானத்துக்கும் அப்படியே.

யோசித்தால் வியப்பில்லை. கட்டியவருக்கு ஒவ்வொரு ரிவெட்டும் தெரியும். எந்த இடத்தில் மனசு கேட்காமல் இரண்டாவது தடவை அடித்தார் என்பதும் தெரியும். வாங்குபவருக்குத் தெரிவது பெயின்ட் மட்டும்.

சட்டத்திலும் இந்த வேறுபாடு இருக்கிறது. முதன்மைக் கட்டுநருக்கு அந்த ஒரே விமானத்துக்கென்று பழுதுபார்ப்பாளர் சான்றிதழ் கிடைக்கும். பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை நடக்க வேண்டிய நிலைச் சோதனையை அவரே செய்து கையெழுத்திடலாம். விமானத்தை விற்றால் இந்தச் சான்றிதழ் கூடவே போகாது. புது உரிமையாளர் ஆயில் மாற்றலாம், டயர் மாற்றலாம், சொல்லப்போனால் எந்த வேலையும் செய்யலாம். ஆண்டுச் சோதனையை மட்டும் அதற்கான உரிமம் பெற்ற ஒருவர்தான் செய்து ஒப்பமிட வேண்டும். இந்த மாடலைப் பார்த்தே இராத மெக்கானிக்கிடம் கொண்டுபோய், அவரும் தயவுக்காகப் பார்க்காமலே போடும் கையெழுத்துக்கு நீங்கள் கொடுக்கும் பணம் வீண்.

அதனால் வாங்கும் முன் கேட்க வேண்டியவை: கட்டும்போது எடுத்த படங்களோடு கூடிய லாக், எடை மற்றும் ஈர்ப்பு மையக் கணக்கு, சோதனைக் காலத்தில் மணி மணியாக எழுதிய குறிப்பு. அந்தக் குறிப்பில் நாற்பது மணி நேரத்துக்கும் சேர்த்து 'எல்லாம் சரி' என்று ஒரே வரி இருந்தால் சோதனை நடக்கவில்லை, பெட்ரோல்தான் எரிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதே மாடலைத் தெரிந்த ஒருவரை வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அதே மாடலில் பயிற்சி எடுக்காமல் தனியே ஏறாதீர்கள். 1953-ல் பால் போபரெஸ்னி மில்வாக்கியில் தொடங்கிய பரிசோதனை விமானச் சங்கமான ஈஏஏவில், கட்டும் வேலையைப் பார்த்துச் சொல்லவும் முதல் பறப்புக்கு யோசனை சொல்லவும் அனுபவசாலிகள் தன்னார்வமாக வருகிறார்கள். கேட்கக் கூச்சப்பட்டதால் செத்தவர்களும் இந்தத் துறையில் இருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

கோளாறு பெரும்பாலும் பெட்ரோல் பாதையில்தான் ஒளிந்திருக்கும். தொட்டியை ஒட்டிய பசையின் துணுக்கு, குழாய் மரையில் சுற்றிய டெஃப்லான் டேப்பின் நூல், அடைத்துக்கொண்ட காற்றுத் துளை. தரையில் இன்ஜின் ஒழுங்காக ஓடுவது எதையும் நிரூபிக்காது. மூக்கு உச்ச அளவு தூக்கியிருக்கும் நிலையில் விமானத்தை நிறுத்தி, பெட்ரோலை வாளியில் பிடித்து அளக்க வேண்டும். முழு விசையில் இன்ஜின் குடிக்கும் அளவைப் போல் ஒன்றரை மடங்கு, தானாக வடியும் அமைப்பில் வர வேண்டும். பம்பு உள்ளதில் ஒன்றேகால் மடங்கு. ஒரு மதிய வேலை. இதைச் செய்யாமல் முதல் பறப்புக்குக் கிளம்பும் அவசரம் எனக்குப் புரிவதே இல்லை.

ஹார்டுவேர் கடை போல்ட்டும் விமான போல்ட்டும் பக்கத்தில் வைத்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். உலோகமும் தாங்கும் வலிமையும் வேறு. சுழலும் மூட்டுகளில் நைலான் பூட்டு நட்டு கூடாது, ஸ்பிளிட் பின் போட்ட நட்டுதான். இறுக்கிய நட்டின் மேல் பெயின்ட் கோடு போட்டுவைத்தால் அது நகர்ந்ததா என்று அடுத்த தடவை கண்ணே சொல்லிவிடும். உலகம் முழுவதும் இலகு விமானங்களில் ஓடும் ரோட்டாக்ஸ் 912 இன்ஜினின் ரப்பர் குழாய்களை, பறந்தாலும் பறக்காவிட்டாலும், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது தயாரிப்பாளரின் கையேடு. அதே இன்ஜின் எத்தனால் 10 சதவீதம் வரை கலந்த பெட்ரோலைத்தான் ஏற்கும். நம் பெட்ரோல் பங்க்குகளில் இப்போது வருவது 20 சதவீதம் கலந்தது. ஃபைபர்கிளாஸ் தொட்டியின் பிசினை எத்தனால் இளக்கிவிடலாம் என்பது வேறு கவலை. வீட்டில் கட்டுவதற்கான உதிரிப்பாகங்களைப் பெட்டியாக (கிட்) விற்கும் தயாரிப்பாளர் அனுப்பும் எச்சரிக்கைச் சுற்றறிக்கையை நிறைவேற்று என்று சட்டம் உரிமையாளரைக் கட்டாயப்படுத்தாது. செய்தாரா என்று வந்து பார்க்கவும் ஆள் கிடையாது. உள்ளே சூடேற்ற உதவும் புகைக்குழாயில் விரிசல் விட்டால் கார்பன் மோனாக்சைடு வாசனையில்லாமல் வரும். அதற்கொரு கருவி மலிவு விலையில் கிடைக்கிறது.

பணத்துக்கு வரலாம். ஜேம்ஸ் பாண்டின் 'ஆக்டோபஸி' படத்தில் வரும் குட்டி ஜெட்டை நினைவிருக்கலாம். அதன் மூத்த அண்ணன் பிடி-5. 1970-களில் ஜிம் பீட் இதன் பெட்டிகளை ஆயிரக்கணக்கில் விற்றார். உடற்பாகங்கள் வந்தன; இன்ஜின் வரவில்லை. இன்ஜின் கொடுக்க வேண்டிய ஜெர்மன் கம்பெனி திவாலானது, பின்னால் பீடின் கம்பெனியும். பத்தாண்டுக்கு விமானத்துக்காக முன்பணம் வாங்கமாட்டேன் என்று அரசு வர்த்தக ஆணையத்திடம் பீட் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. பணம் கட்டியவர்களின் கொட்டகையில் இறக்கை மட்டும் இருந்தது.

அது பழங்கதை என்று சொல்லிவிட முடியாது. இந்தத் துறையிலேயே பெரிய, நல்ல பெயர் எடுத்த வேன்ஸ் ஏர்கிராஃப்ட், ஆரிகன் மாநிலத்து அரோராவில் இருப்பது, 2023 டிசம்பர் 4 அன்று திவால் சட்டத்தின் பாதுகாப்பைக் கேட்டது. கொரோனா காலத்தில் ஆர்டர் குவிந்தது. துளைகளை லேசரால் வெட்டிய தகடுகள் ரிவெட்டுக்குக் குழி அழுத்தும்போது விரிசல் விட்டன. மாற்றித் தரும் செலவு ஏறியது. முன்பணம் கட்டியிருந்தவர்களிடம், கூடுதல் விலைக்கு ஒப்புக்கொண்டால் பெட்டி வரும் என்றார்கள். கம்பெனி 2024-ல் மீண்டுவிட்டது. ஆனால் முன்பணம் கட்டியவருக்கு அமெரிக்கத் திவால் சட்டம் தரும் முன்னுரிமை அப்போது ஆளுக்கு 3,350 டாலர் வரைதான். அதற்கு மேல் கட்டியதற்கு எல்லாக் கடன்காரர்களோடும் வரிசையில் நிற்க வேண்டும். எனவே முழு விமானத்துக்கும் ஒரே தடவையில் பணம் கட்டாமல் வால் பகுதி, இறக்கை, உடல் என்று பகுதி பகுதியாக வாங்குங்கள். கிரெடிட் கார்டில் கட்டினால், பொருள் வராதபோது பில் வந்த 60 நாளுக்குள் எழுத்தில் மறுப்புத் தெரிவிக்கும் உரிமை இருக்கிறது. காசோலையில் அது இல்லை.

கட்டி விற்பவருக்கும் ஒரு சொல். பதிவேட்டில் 'தயாரிப்பாளர்' என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கும். வாங்குபவர் "வழக்குப் போடமாட்டேன்" என்று எழுதிக்கொடுக்கலாம். நாளை அதில் ஏறும் பயணியின் குடும்பம் அந்தத் தாளில் கையெழுத்திடவில்லை. பறக்கும்போது தவறு நேர்ந்தால் மறைக்கத் தேவையில்லை. நாசா நடத்தும் ரகசியப் புகார் அமைப்புக்கு 10 நாளுக்குள் எழுதினால், வேண்டுமென்றே செய்யாத விதிமீறலுக்குப் பெரும்பாலும் தண்டனை விலக்குக் கிடைக்கும். விபத்தையே அப்படி மறைக்க முடியாது. அதைப் பாதுகாப்பு வாரியத்துக்கு உடனே சொல்லியாக வேண்டும்.

கடைசியாக நம் நாட்டு நிலை. ஊரில் ஒரு பையன் பைக் இன்ஜினை வைத்து விமானம் செய்தான் என்ற வீடியோக்களைப் பார்த்துக் கைதட்டுகிறோம். பதிவும் பறப்பு அனுமதியும் இல்லாமல் அது தரையை விட்டு எழுந்தால் குற்றம். 2025 ஜனவரி 1 முதல் பழைய 1934 சட்டத்தின் இடத்தில் பாரதிய வாயுயான் சட்டம் நடப்பில் இருக்கிறது. மும்பையில் வீட்டு மொட்டைமாடியில் ஆறு பேர் அமரும் விமானத்தைக் கட்டிய விமானி அமோல் யாதவ், பதிவுக்காக 2011-லேயே விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமான டிஜிசிஏயிடம் போனார். 2016-ல் மும்பைக் கண்காட்சியில் ஊரே வந்து பார்த்தது. பதிவு எண் கிடைத்தது 2017 நவம்பரில். பறக்கும் அனுமதி வர 2019 ஆயிற்று.