உங்களுக்குத் தெரியுமா? கேம் ஆடுகிறவர் ரேஸ் ஓட்டப் போனால்…

பிள்ளை ராத்திரி முழுக்கக் கார் கேம் ஆடுகிறான் என்று புலம்பும் பெற்றோருக்கும், "இதுவும் பயிற்சிதான்" என்று சமாளிக்கும் பிள்ளைகளுக்கும் இந்த வாரத் துணுக்குகள். இரண்டு தரப்புக்கும் இதில் ஆதாரம் கிடைக்கும்.

★

நிஸான் நிறுவனமும் சோனியின் பிளேஸ்டேஷனும் சேர்ந்து 2008-இல் தொடங்கிய போட்டி 'ஜிடி அகாடமி'. 'கிரான் டூரிஸ்மோ' கேமில் வேகமாக ஓட்டுகிறவர்களை வடிகட்டி, கடைசியில் நிற்பவரை நிஜ ரேஸ் காரில் உட்கார வைப்பார்கள். முதல் ஆண்டு வென்ற ஸ்பெயின்காரர் லூகாஸ் ஓர்டோனியெஸ் அப்போது எம்பிஏ மாணவர். மூன்றே ஆண்டுகளில், 2011-இல், பிரான்சின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் இரண்டாம் இடம் பிடித்த அணியில் அவர் இருந்தார்.

★

2011-இல் வென்றவர் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரத்து இளைஞர் ஜான் மார்டன்பரோ. வயது 19. போட்டிக்கு வந்தவர்கள் சுமார் 90,000 பேர். இவர் கதைதான் 2023-இல் வந்த 'கிரான் டூரிஸ்மோ' ஹாலிவுட் படம். அந்தப் படத்தில் கதாநாயகனுக்கு டூப் போட்டுக் கார் ஓட்டியவர் யார் தெரியுமா? மார்டன்பரோவேதான்! தன் வாழ்க்கைக் கதையில் தனக்கே டூப் போடும் பாக்கியம் நம் கோடம்பாக்கத்தில் எவருக்கும் வாய்த்ததாக நினைவில்லை.

★

தோற்றால் கேலி செய்வார்கள், ஜெயித்தால் வெளியே போகச் சொல்வார்கள். பிரிட்டிஷ் ஜிடி பந்தயத்தில் ஒரு தொழில்முறை ஓட்டுநரும் ஓர் அமெச்சூரும் ஜோடியாக ஓட்டுவது வழக்கம். ஜிடி அகாடமியில் தேறியவர்கள் 'அமெச்சூர்' என்ற பெயரில் வந்து 2012-இல் போட்ட வேகத்தைப் பார்த்து, இது மற்ற அமெச்சூர்களுக்கு நியாயமில்லை என்று அடுத்த ஆண்டு அவர்களுக்கு இடம் மறுத்துவிட்டார்கள் அமைப்பாளர்கள்.

★

இந்தப் போட்டி இந்தியாவுக்கு வந்தது 2014-இல். இந்திய அணிக்கு வழிகாட்டியாக இருந்தவர் சென்னைக்காரர் கருண் சந்தோக். 2010-இல் ஃபார்முலா ஒன் ஓட்டியவர். 2012-இல் லே மான் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர். இறுதி முகாம் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் டிராக்கில். கேமில் அங்குலம் அங்குலமாகத் தெரிந்த அதே சில்வர்ஸ்டோன்தான். ஆனால் முகாமில் ஸ்டியரிங் பிடிப்பதோடு விட்டுவிட மாட்டார்கள். ஓட வைப்பார்கள், தூக்க வைப்பார்கள், களைத்துப் போனபிறகு யோசிக்க வைப்பார்கள். கேமரா முன்னால் நிறுத்திப் பேச வைத்தும் பார்ப்பார்கள். ஸ்பான்சர் பணத்தில் ஓடும் தொழிலில் வாய் திறக்கத் தெரியாதவருக்கு மார்க் குறைவுதான்.

★

உட்கார்ந்த இடத்திலேயே நடக்கும் விளையாட்டுதானே, உடம்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து ஆறரை கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபார்முலா ஒன் கார் வேகமான வளைவில் திரும்பும்போது புவியீர்ப்பைப் போல ஐந்து மடங்கு விசை பக்கவாட்டில் இழுக்கும். அதாவது முப்பது கிலோவுக்கு மேற்பட்ட மூட்டையைக் கழுத்து மட்டும் தாங்கிப் பிடிக்க வேண்டும். வளைவுக்கு வளைவு, சுற்றுக்குச் சுற்று. பிரேக் பெடலை 100 கிலோவுக்கும் அதிகமான அழுத்தத்தில் மிதிக்க வேண்டும். இதெல்லாம் நடக்கும்போது இதயம் நிமிடத்துக்கு 150, 170 என்று துடித்துக்கொண்டிருக்கும். ஜிடி கார்களில் இழுப்பு இவ்வளவு இல்லை. ஆனால் அங்கே கூரை போட்ட கார், உள்ளே அடுப்படி.

★

அடுப்படி என்றதும் ஒரு செய்தி. 2023 அக்டோபரில் கத்தார் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் வெப்பம் தாங்காமல் எஸ்தபான் ஓகோன் ஹெல்மெட்டுக்குள்ளேயே வாந்தி எடுத்தார். லோகன் சார்ஜன்ட் ஓட்ட முடியாமல் பாதியில் நிறுத்தினார். அதற்குப் பிறகு உலக மோட்டார் சங்கமான எஃப்ஐஏ புது விதி கொண்டுவந்தது. ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட வெப்பக் குறியீடு 31 டிகிரிக்கு மேல் போகும் என்று முன்னறிவிப்பு வந்தால் 'வெப்ப அபாயம்' அறிவித்து, ஓட்டுநர்களைக் குளிரூட்டும் கருவிகள் காரில் இருந்தாக வேண்டும்.

31 டிகிரி! மே மாதத்தில் அதைக் கேட்டால் மும்பைத் தாராவிக்காரர், "இன்னிக்குப் பரவாயில்லையே" என்பார்.

★

இது வெறும் கேலி இல்லை. வெப்பத்துக்கு உடம்பு பழகும். தினமும் ஒரு மணி நேரம் சூட்டில் உடற்பயிற்சி செய்தால் ஒன்றிரண்டு வாரத்தில் வியர்வை சீக்கிரம் சுரக்கும், அதிகம் சுரக்கும், அதில் உப்பு குறையும், அதே வேலைக்கு இதயம் துடிப்பது குறையும். குளிர்நாட்டு ஓட்டுநர்கள் சிங்கப்பூர் பந்தயத்துக்கு முன் சூடேற்றிய அறையில் சைக்கிள் மிதிப்பதும், சானாவில் உட்காருவதும் இதற்குத்தான். தகரக் கூரைக்குக் கீழே மாடிப் பட்டறையில் வேலை பார்க்கிற தாராவிப் பையனுக்கு இந்தப் பயிற்சி இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. ஏசி அறையில் கேம் ஆடும் பையனுக்குக் கிடையாது. ஓர் எச்சரிக்கையும் உண்டு: மும்பையின் புழுக்கத்தில் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடும், உடம்பு குளிராது. தண்ணீரும் உப்பும் இல்லாமல் இந்தப் பரீட்சையில் இறங்கக் கூடாது. பழகியது சில வாரம் விட்டால் போய்விடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

★

பிடிமானத்துக்கும் நடு உடம்பின் வலுவுக்கும் விலை உயர்ந்த ஜிம் தேடுகிறீர்களா? மாதுங்காவிலிருந்து நடந்தே போகும் தூரத்தில் தாதர் சிவாஜி பார்க்கில் ஸ்ரீ சமர்த் வியாயாம் மந்திர் இருக்கிறது. அங்கே கற்றுத் தருவது மல்லர்கம்பம். முன்கை, தோள், வயிறு, தொடை எல்லாவற்றையும் ஒரே கம்பத்தில் பிழிந்துவிடுவார்கள். முதல் உலக மல்லர்கம்பப் போட்டி 2019-இல் நடந்ததும் சிவாஜி பார்க்கில்தான். ரேஸ் ஓட்டுநர் எவரும் அங்கே போனதாகக் கேள்விப்படவில்லை. போகலாம் என்பது என் கட்சி. ஓட்டத்துக்கு மாதுங்கா 'ஃபைவ் கார்டன்ஸ்' பூங்கா போதும்.

★

சிமுலேட்டர் வாங்க மும்பை லேமிங்டன் ரோடு போகிறவர்கள் கவனத்துக்கு. காசை ஸ்டியரிங்கில் கொட்டாதீர்கள், பெடலில் போடுங்கள். மலிவான பிரேக் பெடல் எவ்வளவு தூரம் அமுங்கியது என்று அளக்கும். 'லோட் செல்' வைத்த பெடல் எவ்வளவு அழுத்தினீர்கள் என்று அளக்கும். நிஜக் காரில் பிரேக் அழுத்தத்தைத்தான் கேட்கும். தூரத்துக்குப் பழகின கால் ரேஸ் காரில் தடுமாறும்; அழுத்தத்துக்குப் பழகின கால் தடுமாறாது.

★

பெரிய ரேஸ் ஓட்டுநர்களுக்கே சிமுலேட்டரில் தலை சுற்றும். ஏழு முறை உலக சாம்பியனான மைக்கேல் ஷூமாக்கருக்கு மெர்சிடீஸ் சிமுலேட்டரில் குமட்டல் வந்தது பிரசித்தம். கண் 'கார் ஓடுகிறது' என்கிறது, உள்காது 'நீ நாற்காலியில் இருக்கிறாய்' என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாத குழப்பம்தான் குமட்டல். கேமருக்கு இதே சங்கதி தலைகீழ். கண்ணை மட்டுமே நம்பி ஓட்டிப் பழகியவருக்கு, பின்சக்கரம் நழுவுவதை இடுப்பு சொல்லும் என்பதே புதுச் செய்தி. கண்ணுக்குத் தெரிவதற்குள் இடுப்புக்குத் தெரிந்துவிடும். அதைக் கேட்கக் கற்றுக்கொள்ள டிவி முன்னால் வழியில்லை.

★

அதற்கு வழி கார்ட். ரப்பர் டயரைத் தவிர ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எதுவும் கிடையாது. தடத்தின் ஒவ்வொரு மணல்துகளும் முதுகெலும்பில் எழுதப்படும். மறுநாள் விலா எலும்பு வலிக்கும். வலித்தால் சரியாகத்தான் ஓட்டியிருக்கிறீர்கள். செம்பூருக்கு அடுத்த வடாலா பக்தி பார்க்கில் இருந்த அஜ்மேரா இண்டிகார்ட்டிங் தடத்தில் முதல் முதலாக ஸ்டியரிங் பிடித்த மும்பைப் பிள்ளைகள் பலர்.

★

மும்பையில் பிறந்த ஜெஹான் தாருவாலா கார்ட்டிலிருந்து வந்தவர். 2011-இல் ஃபோர்ஸ் இந்தியா அணி நாடு முழுக்கத் திறமை தேடி நடத்திய போட்டியில் தேர்ந்தெடுக்கப்பட்ட மூவரில் ஒருவர். 2020-இல் ஃபார்முலா டூ பந்தயம் வென்ற முதல் இந்தியர் ஆனார்.

★

மும்பையில் பெரிய ரேஸ் டிராக் இல்லை. ஆனால் 'மும்பை ஃபால்கன்ஸ்' என்று ஒரு ரேஸ் அணி உண்டு. இன்று மெர்சிடீஸுக்கு ஃபார்முலா ஒன் ஓட்டும் இத்தாலியப் பையன் கிமி ஆன்டனெல்லி, 2023-இல் மத்தியக் கிழக்கு ஃபார்முலா ரீஜனல் பட்டத்தை வென்றது இந்த அணிக்கு ஓட்டித்தான்!

★

மனசுக்குப் போவோம். கண்ணை மூடிக்கொண்டு, கையில் ஸ்டாப்வாட்ச் வைத்து, தெரிந்த டிராக்கில் ஒரு சுற்றை மனத்திலேயே ஓட்டிப் பாருங்கள். எங்கே பிரேக், எந்த கியர், எங்கே ஆக்ஸிலரேட்டர். முடிந்ததும் வாட்ச்சை நிறுத்துங்கள். ரேஸ் ஓட்டுநர்கள் காலம் காலமாகச் செய்யும் பயிற்சி இது. மனச்சுற்றின் நேரம் நிஜச் சுற்றின் நேரத்தை ஒட்டி வந்தால் டிராக் உள்ளே இறங்கிவிட்டது என்று பொருள். பத்து விநாடி குறைவாக வந்தால் ஏதோ ஒரு வளைவை நீங்கள் விழுங்கிவிட்டீர்கள். பெரும்பாலும் அது உங்களுக்குப் பயமான வளைவாக இருக்கும்.

இந்த ஒரு விஷயத்தில் கேம் ஆடுகிறவருக்கு நிகர் இல்லை. ஒரே டிராக்கை ஆயிரம் முறை சுற்றியவர் அவர். தாருவாலா போன்றவர்களுக்கே டயர் செலவும் பெட்ரோல் செலவும் அந்த ஆயிரத்தை அனுமதிக்காது.

★

கேமில் இல்லாத இன்னொன்று, தப்புக்கு விலை. அங்கே சுவரில் மோதினால் பட்டனை அழுத்தி மறுபடி தொடங்கலாம். 2015-இல் ஜெர்மனியின் நூர்புர்க்ரிங்கில் மார்டன்பரோவின் கார் ஒரு மேட்டின் மேல் காற்றில் எழும்பி வேலியைத் தாண்டி விழுந்தது. பார்வையாளர் ஒருவர் இறந்தார். படத்தில் அந்த விபத்தை அவருடைய லே மான் பந்தயத்துக்கு முன்னால் நகர்த்தி வைத்துவிட்டார்கள். உண்மையில் அந்த லே மான் பந்தயம் 2013-இல், விபத்து அதற்குப் பின். மனிதர் அதோடு நின்றுவிடவில்லை. பிறகு ஜப்பானில் பல ஆண்டுகள் பந்தயம் ஓட்டினார்.

★

நம் ஊர் உதாரணமும் உண்டு. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்கு 53 வயதில் போனார் நடிகர் அஜித் குமார். பயிற்சியிலேயே கார் தடுப்பில் மோதிச் சுழன்றது. விபத்தையும் நீண்ட பந்தயத்தின் களைப்பையும் யோசித்து, தன் அணியின் முதன்மைக் காரைத் தான் ஓட்டுவதில்லை என்று ஒதுங்கி, வேறொரு காரில் ஓட்டினார். அவர் ஒதுங்கிக்கொண்ட முதன்மைக் கார் தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. திரையில் செய்த சாகசங்களைவிட இந்த ஒதுங்கல்தான் எனக்குப் பெரிய ஹீரோயிசமாகப் படுகிறது. தன் உடம்பு எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போடுவதும் ஓட்டுநரின் திறமைதான்.

★

ஜிடி அகாடமி 2016-ஓடு நின்றது. வழி அடைபடவில்லை. 2017-இல் மெக்லாரன் நடத்திய கேம் போட்டியில் வென்று சிமுலேட்டர் ஓட்டுநர் வேலை வாங்கிய டச்சுக்காரர் ரூடி வான் பியூரன், அதற்கு முன் விற்பனைத் தொழிலில் இருந்தவர். 2019-இல் மெக்சிகோவில் நடந்த 'ரேஸ் ஆஃப் சாம்பியன்ஸ்' போட்டியில் கேமர் என்ஸோ போனிட்டோ, ஃபார்முலா ஈ சாம்பியன் லூகாஸ் டி கிராஸியை நிஜக் காரில் தோற்கடித்தார். 2020-இல் ஜேம்ஸ் பால்ட்வின் என்ற கேமர், பிரிட்டிஷ் ஜிடி தொடரில் தன் முதல் பந்தயத்திலேயே ஜெயித்தார். துருக்கியின் செம் பொலுக்பாஷி 2022-இல் ஃபார்முலா டூ வரை போனார்.

★

இப்படித் தேர்வு வைத்து ஓட்டுநர் பிடிப்பது 'கிரான் டூரிஸ்மோ' கேம் வருவதற்கு முன்பே இருந்த பழக்கம். 1992-இல் பிரான்சின் வின்ஃபீல்ட் ரேஸ் பள்ளி நடத்திய போட்டியில் 15 வயதில் அரையிறுதிவரை போனவர் கோவைப் பையன் நாராயண் கார்த்திகேயன். 2005-இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநர்.

★

தூக்கம். போட்டி பெரும்பாலும் பகலில். கேமரின் கை நன்றாக ஓடுவதோ ராத்திரி ஒரு மணிக்கு. தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பாவது படுக்கும் நேரத்தை முன்னுக்கு நகர்த்துங்கள். எல்லாப் பயிற்சியிலும் மலிவானது, யாரும் செய்வதில்லை.

★

செலவு? கேம் ஆடுகிறவர் போட்டி ஏதாவது ஜெயித்தால் ஒழிய, ஒரு சீசன் ஓட்டப் பல லட்சம் வேண்டும். இந்த இடத்தில் கழுத்துப் பயிற்சியும் மூச்சுப் பயிற்சியும் உதவாது. இந்திய மோட்டார் விளையாட்டுச் சங்கமான எஃப்எம்எஸ்சிஐ-யின் உரிமமும் மருத்துவச் சான்றும் தனி.

ஒற்றை இருக்கைக் காரை ஒரு நாளாவது கிட்டத்தில் பார்க்க ஆசையிருந்தால், செம்பூர் திலக் நகரை ஒட்டிய குர்லா டெர்மினஸிலிருந்து கோவைக்கு ரயில் உண்டு. இரண்டு ராத்திரி, ஒரு பகல். இறங்கிச் செட்டிபாளையம் போனால் காரி மோட்டார் ஸ்பீட்வே. மாருதி இன்ஜினை வைத்து உள்ளூரிலேயே ஃபார்முலா கார் கட்டி, நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் ரேஸைத் திறந்துவிட்ட எஸ். கரிவரதன் பெயரில் 2003-இல் வந்த டிராக். ஜேகே டயர் தேசியப் போட்டியின் எல்ஜிபி ஃபார்முலா 4 கார்கள் அங்கே ஓடும். பந்தய நாளில் போனால் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, முதல் வளைவில் யார் எங்கே பிரேக் போடுகிறார் என்று பார்க்கலாம்.