யாரிடம் கேட்பது? – உள்ளாட்சிப் பாடமும் மக்கள் நலனும்

மக்களாட்சி, அதிகாரப் பரவல், மூன்றடுக்கு ஊராட்சி முறை ஆகிய சொற்களை நம் மாணவர்கள் எளிதில் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஆனால், "உங்கள் தெருவிளக்கு பத்து நாளாக எரியவில்லை. யாரிடம் சொல்வீர்கள்?" என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. அரசின் அமைப்புக்கும் குடிமக்களின் நல்வாழ்வுக்கும் உள்ள தொடர்பை விளக்க இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கலாம் என்பது என் வகுப்பறை அனுபவம்.

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணை அதிகாரங்களை ஒன்றிய, மாநில, பொதுப் பட்டியல்களாகப் பிரிக்கிறது. கிராமத்துக்கு உரிய இடத்தை 73ஆவது திருத்தம் உறுதி செய்தது. 1993 ஏப்ரல் 24 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதனுடன் சேர்ந்த பதினொன்றாவது அட்டவணையில் குடிநீர், சுகாதாரம், தொடக்கக் கல்வி உள்ளிட்ட 29 பொருள்கள் உள்ளன. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 தெருவிளக்கு, குடிநீர், வடிகால், மயானம் போன்றவற்றைக் கிராம ஊராட்சியின் கடமைகளாக வைத்துள்ளது.

ஏன் இந்த ஏற்பாடு? உடைந்த குழாய் தலைநகருக்குத் தெரியாது. அந்தத் தெருவில் தினமும் நடக்கும் வார்டு உறுப்பினருக்குத் தெரியும். அவர் கவனிக்காவிட்டால் அடுத்த தேர்தலில் தெருவே பதில் சொல்லும். குடம் தூக்குகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களும் முடிவெடுக்கும் இடத்தில் அமர வேண்டும் என்பதற்காகவே இடஒதுக்கீடு. மூன்றில் ஒரு பங்காக இருந்த அதனைத் தமிழ்நாடு 2016இல் 50 விழுக்காடாக உயர்த்தியது.

அமைப்பு ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்தபின், பெரும்பாலான மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. இடைப்பட்ட காலத்தில் தனி அலுவலர்களே நிர்வகித்தனர். சட்டமும் அலுவலகமும் இருந்தன; நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த, நம் தெருவுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஆள் இல்லை. தேர்தல் ஏன் தேவை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

வகுப்பில் நான் செய்யும் செயல்பாடு எளியது. தேவை, பொறுப்பான அமைப்பு, கேட்க வேண்டிய இடம், கேட்ட நாள் என நான்கு கட்டங்கள் கொண்ட அட்டவணையை மாணவர்கள் வீட்டாரிடம் பேசி நிரப்புவார்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தெருக்கோடிக் குழாயில் தண்ணீர் வராததால் அம்மா அடுத்த தெருவுக்குப் போவதை எழுதினாள். வகுப்பே சேர்ந்து மனு எழுதியது. அவள் அம்மா அதைக் கிராம சபையில் வாசித்தார். தீர்மானப் பதிவேட்டில் ஏறியது. குழாய் சரியாக மூன்று மாதம் ஆயிற்று. இடையில் இருமுறை, பதிவேட்டில் உள்ள தீர்மானத்தைச் சுட்டிக்காட்டி அவர் கேட்க வேண்டியிருந்தது. கேட்பது கெஞ்சுவதல்ல, உரிமை என்பதை மாணவர்கள் அதில் புரிந்துகொண்டார்கள்.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடுகிறது. பாடத்தை இந்நாள்களில் ஒன்றுக்கு முந்தைய வாரத்தில் அமைத்துக்கொள்வது நல்லது. பள்ளி மேலாண்மைக் குழுவையும் இதே பாடத்தில் சேர்க்கலாம். கல்வி உரிமைச் சட்டம், 2009இன்படி அதில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். பிள்ளைகளின் அட்டவணையில் கழிப்பறையும் குடிநீரும் இடம்பெற்றால், அவற்றைக் கேட்க வேண்டிய இடம் நம் பள்ளிக்குள்ளேயே இருக்கிறது.